பரணிலிருந்து இறங்கிய பெட்டி

வாசகி கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் வீடு. அப்பா டேன்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் போய் ரொம்ப வருஷமாகிறது. அம்மா போன ஐப்பசியில் தவறிவிட்டார். நான் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறேன், அண்ணன் திருப்பூரில். சீசனுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விட வேண்டும் என்று அண்ணன் சொல்கிறார். "ஒரு வருஷமா யாரும் தொடாத சாமான் நமக்குத் தேவையே இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை பிக்கப் வண்டி வெச்சு மொத்தத்தையும் ஏத்திடலாம்" என்பது அவர் பேச்சு. பரணைக் காலி செய்தபோது ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே அப்பாவின் பழைய பாஸ்போர்ட், தலைமன்னார் முத்திரையுடன். 1979இல் இலங்கையின் பொகவந்தலாவையிலிருந்து குடும்பம் இங்கே வந்ததற்கான அட்டை, காகிதங்கள். சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிய ஒரு கட்டு நீலக் கடிதங்கள். பக்கத்தோடு ஒட்டிப்போன படங்களுடன் ஓர் ஆல்பம், கொஞ்சம் நெகட்டிவ், தபால் ஆபீஸ் பாஸ் புத்தகம், பூச்சி அரித்த ஸ்வெட்டர்கள், ஒரு மான் கொம்பு. கடிதங்களில் ஒன்றைப் பிரித்தேன். அம்மாவுக்கு ஓர் அக்கா அங்கேயே தங்கிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "செத்தவங்க கடுதாசியைப் படிக்கக் கூடாது, கொளுத்திடு" என்கிறார் அண்ணன். எதை வைக்கலாம், எதைப் போடலாம்? இந்த ஈரத்தில் இவற்றை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வரட்டும், ஆனால் டிரங்குப் பெட்டி அதில் ஏறக் கூடாது. பழைய காகிதமும் புகைப்படமும் பேணுவதுதான் என் தொழில். வீட்டைக் காலி செய்கிறவர்கள் கூப்பிட்டு நான் போய்ச் சேர்வதற்குள், பாத்திரமும் கட்டிலும் பத்திரமாக இருக்கும், காகிதக் கட்டு மட்டும் எடைக்குப் போயிருக்கும். இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அது இன்னும் நடக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

"ஒரு வருஷமாகத் தொடாதது தேவையில்லை" என்று உங்கள் அண்ணன் சொல்வது அவர் கண்டுபிடிப்பு இல்லை. வீடு ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் வீடியோக்களில் எல்லோரும் சொல்வதுதான். சட்டி பானைக்கும் சட்டை துணிக்கும் அது நல்ல கணக்கு. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாக யாரும் தொடாமல் இருந்ததால்தான் அப்பாவின் பாஸ்போர்ட் முழுசாகக் கிடைத்திருக்கிறது. காகிதத்துக்கும் படத்துக்கும் நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: இது போனால் இன்னொன்று எங்காவது கிடைக்குமா? குக்கர் போனால் கடையில் கிடைக்கும். உங்கள் பெரியம்மா கைப்பட எழுதிய கடிதம் கிடைக்காது.

அதனால் அண்ணனோடு சண்டை வேண்டாம். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் நீங்கள் தாராளமாக ஒத்துக்கொள்ளலாம். பரணில் இருக்கும் அலுமினியப் பாத்திரம், உடைந்த நாற்காலி, ஓடாத மிக்ஸி, வருஷா வருஷம் சேர்ந்த காலண்டர், பிளாஸ்டிக் டப்பா எல்லாம் போகட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, நம் ஊருக்கென்றே உள்ளது. வீட்டுக்குப் பின்னால் ஓடையிலோ சோலையிலோ எதையும் தள்ளாதீர்கள். எண்ணெய் பிசுக்குள்ள டின்னைத் தேடிக் கரடி வரும் என்று கோத்தகிரிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி பெட்டிக்கு வருவோம். நீங்கள் இதைத் தை, மாசியில் செய்வது நல்லதாகப் போயிற்று. வடகிழக்கு மழை முடிந்து, காற்று உலர்ந்திருக்கும் காலம் இது. கோத்தகிரியில் காகிதத்தைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல சமயம் வருஷத்தில் இல்லை. காலைப் பனி விலகிப் பத்து மணி ஆனதும் பெட்டியைத் திண்ணைக்கோ வராந்தாவுக்கோ கொண்டு வாருங்கள். மத்தியானம் மஞ்சு ஏறுவதற்குள் மூடி உள்ளே வைத்துவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழலில் காற்று போதும். கணப்பு பக்கத்தில் வைத்துக் காய வைக்கவே வேண்டாம். காகிதம் முறுகும், புகையும் படியும்.

எதன் மேலாவது வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பூத்திருந்தால் உடனே துடைக்கக் கை போகும். போகக் கூடாது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது காகிதத்துக்குள் இழுபட்டுக் கறையாகிவிடும். முதலில் அது தூளாகிற அளவுக்குக் காயட்டும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம். ஈரத்துணி, டெட்டால், நீலகிரித் தைலம் எதுவும் காகிதத்தில் படக் கூடாது. தைலத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், நம் மாவட்டத்தில் எதற்கும் முதலில் கைக்கு வருவது அதுதான். பூச்சிக்கு நல்லது என்று நினைத்து நேரடியாகக் காகிதத்தில் தெளிக்கிறார்கள். எண்ணெய்க் கறை விழுந்தால் எடுக்க முடியாது.

பாஸ்போர்ட்டையும் அட்டையையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியில் முதல் இடம் அவற்றுக்குத்தான். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பது பற்றி, இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. யார் எந்தக் கணக்கில் வருகிறார் என்பதைக் காகிதம்தான் முடிவு செய்தது. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனதும் அப்படித்தான். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்த கப்பல் 1984இல் நின்றுபோனது. உங்கள் குடும்பம் வந்த கதைக்கு அந்த முத்திரை ஒன்றுதான் நேர்ச்சாட்சி. உங்கள் பிள்ளைகளுக்கோ அண்ணன் பிள்ளைகளுக்கோ நாளைக்கு ஏதாவது அலுவலகத்தில் "பூர்வீகம் எங்கே, எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டால் காட்ட வேண்டியதும் அதுதான். இந்தக் காகிதம் இல்லாமல் அலைந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் நம் மலையில் எத்தனையோ உண்டு. அண்ணனிடம் பேசும்போது உணர்ச்சியை விட்டுவிட்டு இந்தக் காரணத்தை எடுத்து வையுங்கள். கேட்பார் என்று நினைக்கிறேன்.

பாஸ்போர்ட்டில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எது இருந்தாலும் கவனமாக எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த பின்னை இழுத்தால் காகிதமும் கிழிந்து வரும். பின்பக்கம் கால்களை ஒரு மெல்லிய தகடால் நிமிர்த்திவிட்டு, முன்பக்கமாக எடுக்க வேண்டும். ரப்பர் முத்திரை மையும் பேனா மையும் தண்ணீர் பட்டால் கரையும், எச்சில் தொட்டுக்கூடப் பக்கம் புரட்டாதீர்கள். வெற்றுப் பக்கம் உட்பட ஒவ்வொரு பக்கத்தையும், அட்டையின் இரண்டு புறத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனை நேர்மட்டமாகப் பிடித்துப் படம் எடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று அண்ணனிடம், ஒன்று பென் டிரைவில் வேறொரு வீட்டில்.

லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்! யாராவது நல்லெண்ணத்தில் சொல்வார்கள், ஐம்பது ரூபாயில் முடிந்துவிடும் வேலை. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. உள்ளே ஈரமோ பூஞ்சணமோ இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். அசல்தானா என்று பார்க்கிற அதிகாரிக்குக் காகிதத்தைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. கிழிசலுக்கு செலோ டேப்பும் அதே கெடுதல்தான், சில வருஷத்தில் மஞ்சளாகிப் பசை மட்டும் நிற்கும். கிழிந்ததைக் கிழிந்தபடியே ஒரு வெள்ளைத் தாளுக்குள் மடித்து வையுங்கள், போதும்.

இப்போது கடிதங்கள். கொளுத்த வேண்டாம். அண்ணன் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். அம்மாவுக்கு என்று எழுதியதை நாம் படிக்கலாமா என்ற தயக்கம் நல்ல மனிதர்களுக்குத்தான் வரும். ஆனால் அம்மா இதைக் கொளுத்தியிருக்கலாம், அவருக்கு அடுப்பு தினமும் எரிந்தது. அவர் தன் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். எனக்கு அதுவே பதிலாகத் தெரிகிறது. இன்றைக்குப் படிக்க மனம் வரவில்லையா, சரி, படிக்காமல் வையுங்கள். பத்து வருஷம் கழித்து மனம் மாறினால் கட்டு இருக்கும். சாம்பலாக்கிவிட்டால் அந்த வாய்ப்பு உங்கள் பிள்ளைகளுக்கும் இல்லை.

படிப்பதென்றால் இப்படிச் செய்யுங்கள். கட்டை அவிழ்க்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கடிதங்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் மேலிருந்து 1, 2, 3 என்று ஒவ்வொன்றின் ஓரத்தில் மெல்லிய பென்சிலில் எண் போடுங்கள். அம்மா அடிக்கடி எடுத்துப் படித்தது மேலே இருக்கலாம், தேதி வரிசை வேறாக இருக்கலாம், இரண்டும் நமக்கு வேண்டும். அந்த நீலக் கடிதம் ஏரோகிராம், உறையும் தாளும் ஒன்றேயான வகை. மடிப்பில்தான் முதலில் விடும். விரித்து, மேலே ஒரு வெள்ளைத் தாள் போட்டு, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு நாள் வைத்தால் படிய வரும். மறுபடி அதே மடிப்பில் மடிக்காமல் விரித்தபடியே அடுக்கி வையுங்கள். சேலைக் கரையையும் எறியாதீர்கள், ஒரு சிறு உறையில் போட்டு அதோடு வையுங்கள். தயவுசெய்து கட்டைப் பாதியாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அசல் ஒரே இடத்தில் இருக்கட்டும், படம் எல்லோரிடமும் இருக்கட்டும்.

ஏரோகிராமின் பின்பக்கத்தில் அனுப்பியவர் முகவரி இருக்கும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபால் நிலையம் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதிகளைப் பாருங்கள். 1983 ஜூலைக் கலவரத்தை ஒட்டிக் கடிதம் நின்றிருந்தால், நின்றதற்குக் காரணம் மனஸ்தாபமாக இருக்க வேண்டியதில்லை. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டங்களில் பல இன்றும் பழைய பெயரிலேயே இருக்கின்றன. பெரியம்மா இருக்கிறாரோ இல்லையோ, பிள்ளைகள் இருப்பார்கள். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், வந்த வருஷம், லயத்தில் கூப்பிடும் பெயர் இருந்தால் அதுவும், உங்கள் போன் எண்ணோடு. அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் ஒரு பிரதி போடுங்கள். தோட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள்தான்.

ஆல்பம் அந்த ஒட்டும் ரகம் என்று நினைக்கிறேன், பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்து மூடுவது. அதன் பசை காலப்போக்கில் இறுகிப் பழுப்பாகிவிடும். படத்தின் மூலையைப் பிடித்து உரிக்க ஆரம்பித்தால் முகம் பக்கத்தில் நின்றுவிடும், முதுகு மட்டும் கையோடு வரும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாகப் படம் எடுத்துவிடுங்கள், யாருக்குப் பக்கத்தில் யார் படம் என்பதும் தெரியட்டும். பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக இழுங்கள். பாதியில் பிடித்துக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். வராத படம் அங்கேயே இருக்கட்டும், பக்கத்தையே சுற்றி வெட்டி எடுத்து வைக்கலாம். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட படம் ஏதாவது இருந்தால் அதைக் கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்ய வேண்டும், பிரிக்க முயலாதீர்கள்.

நெகட்டிவை மோந்து பாருங்கள். காடி வாடை, அதாவது வினிகர் நெடி அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அவற்றைத் தனியாக ஒரு காகித உறையில் போட்டு முதல் வேலையாக ஸ்கேன் செய்யக் கொடுங்கள். வாடை இல்லையென்றால் அவசரமில்லை. படத்தைத் தொலைத்துவிட்டு நெகட்டிவை மட்டும் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம், அதிலிருந்து இன்றும் படம் போடலாம். 1967இல் ஊட்டி இந்து நகரில் பிலிம் தயாரிப்பு தொடங்கிய மாவட்டம் நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில் நெகட்டிவைக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பாஸ் புத்தகத்தைப் பழசு என்று தள்ளாதீர்கள். வாரிசுச் சான்றிதழோடு தபால் ஆபீஸில் கொடுத்து விசாரியுங்கள், கணக்கு முடங்கியிருந்தாலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. வங்கிக் கணக்குப் புத்தகம் ஏதாவது கிடைத்தாலும் இதே வழி. பத்து வருஷம் யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் அந்த வங்கி மூலமே திரும்பக் கேட்டு வாங்கலாம். பெயரை வைத்துத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளம் இருக்கிறது. பழைய காகிதங்களுக்கு நடுவில் மதிப்பிழந்த 500, 1000 ரூபாய் நோட்டு அகப்பட்டால் மாற்றக் கொண்டுபோக வேண்டாம், இனி முடியாது. மொத்தம் பத்து நோட்டு வரை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.

மான் கொம்பு விஷயத்தில் மட்டும் உடனே நடவடிக்கை எடுங்கள். காட்டில் தானாக உதிர்ந்ததாக இருந்தாலும், உரிமைச் சான்று இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்கக் கூடாது, யாருக்கும் பரிசாகக் கொடுக்கவும் கூடாது, வாடகைக்கு விடுகிற வீட்டில் மாட்டி வைக்கவே கூடாது. வனச்சரக அலுவலகத்தில் "அம்மா இறந்த பிறகு பரணில் கிடைத்தது" என்று எழுதிக் கொடுத்து ஒப்படைத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

ஸ்வெட்டரில் ஓட்டை இருக்கிறது என்றால் பூச்சி முட்டை இன்னும் இருக்கலாம். அதைக் காகிதத்தோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டு, அப்புறம் திறந்து உதறுங்கள். அம்மா பின்னியதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிடலாம். எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

மிஞ்சுவதை எங்கே வைப்பது? மறுபடி பரணில் வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில் பகலில் சூடு, விடியற்காலையில் உள்பக்கம் நீர் கோத்துச் சொட்டும். காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். மழை மாதங்களில் நம் வீடுகள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். உங்களுக்குக் கோவையில் வீடு இருப்பது பெரிய வசதி. காகிதமும் படமும் அங்கே, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், நடுத்தட்டில் இருக்கட்டும். பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, கஞ்சி போடாமல் காயவைத்து அதில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி அதற்கென்றே வரும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதன் அமிலம் அடுத்த காகிதத்தையும் பழுப்பாக்கும். அந்துருண்டை வேண்டாம், நெகட்டிவிலும் படத்திலும் படியும், மூச்சுக்கும் கெடுதல். வசம்பை ஒரு துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம். பெட்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள், மருந்தைவிட அதுதான் பூச்சிக்கு எதிரி. டிரங்குப் பெட்டி துருப்பிடித்திருந்தால் அதைக் காயலான் கடைக்கே போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. 1979இல் அவர் சிறு பையன். நீங்கள் கடிதத்தில்தான் பெரியம்மாவைத் தெரிந்துகொண்டீர்கள். அவர் அந்தப் பெரியம்மா மடியில் உட்கார்ந்திருக்கக் கூடும். கொளுத்திவிடு என்று அவர் சொல்வது பொருள்மேல் உள்ள வெறுப்பாக எனக்குத் தோன்றவில்லை. பிக்கப் வண்டி போன பிறகு, வீடு காலியாகி இரண்டு பேரும் டீ குடிக்கிற நேரத்தில் ஆல்பத்தை மட்டும் எடுத்து அவர் முன் வையுங்கள். கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டாம். "இது யாருண்ணா?" என்று கேளுங்கள், போனில் குரல் பதிவைப் போட்டுவிடுங்கள். பெரட்டுக் களம் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்), கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை), பக்கத்து லயத்துக்காரர் என்று அவர் சொல்லும் பெயர்களை உடனுக்குடன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு படத்தின் பின்பக்கம் ஓரத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தழும்பாகத் தெரியும், வேண்டாம். பெரியம்மா பிள்ளைகளின் பெயர் அதில் கிடைத்தால், தோட்டத்துக்கு எழுதுகிற கடிதத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள்.